பின்பீரங்கியின் கீழறை

சிட்னி
4 அக்டோபர் 1976

ராஜகுமாரி,

எப்போதும் ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று போட்டுத்தான் உனக்குக் கடிதம் தொடங்குவேன். இன்றைக்கு அது கைக்கு வரமாட்டேன் என்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கப்பல் சிட்னிக்கு வந்திருக்கிறது. நானும் தம்பி வேதமணியும் வேலை பார்த்த அதே கப்பல். உன் புருஷனைத் தின்ற கப்பல். சனிக்கிழமை பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை.

வெள்ளைக்காரக் குடும்பங்களோடு வரிசையில் நின்று ஏறினேன். மீசை முளைக்காத ஒரு ஆபீசர் பின்பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தான். உலக யுத்தம் முடிந்த பிறகு பிரிட்டிஷ்காரன் வரைந்த வகையாம். மற்றக் கப்பல்களுக்குத் துணையாகப் போய், மேலே வரும் விமானங்களைச் சுட்டுத் தள்ளுவதற்கென்றே கட்டியதாம். முன்னால் இரட்டைக் குழல், பின்னால் இரட்டைக் குழல், நீராவி கிடையாது, முழுக்க டீசல். கேட்கக் கேட்க எனக்கு வாய் கசந்தது. நாங்கள் அதை எருமை என்றுதான் கூப்பிடுவோம். அந்த டீசல் உறுமலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. விமானம் ஒன்றையும் அது வீழ்த்தியதை நான் பார்த்ததில்லை. எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் அது கரையைத்தான் சுட்டது.

அடுப்படியில் பழைய ஆள் ஒருவன் இருந்தான், சமையல்கார இராமன். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “குணா, நம்ம நரசிம்மன் மெல்போர்ன்லதானே இருக்கான்? போன வாரம் கப்பல் அங்க நின்னப்ப வந்து பார்த்துட்டுப் போனான். வேதமணி சம்சாரத்தைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னானே, உனக்குத் தெரியாதா?” என்றான். அவன் வாயிலேயே குத்தினேன். அவன் பல் என் விரல் முட்டியில் ஏறிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து என்னைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்குக் காரணம் நீதான்.

இராமன் சொன்னது பொய் என்று எழுது. பொய்யாக இருந்தால் அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

உண்மை என்றால் இதையும் கேட்டுக்கொள். நேவி உனக்கு எழுதிய கடிதத்தில் வேதமணி உடனே இறந்தான், வலி தெரியவில்லை என்று இருந்தது. நானும் அம்மாவிடமும் உன்னிடமும் அப்படியே சொன்னேன். நீ தாங்கமாட்டாய் என்று சொன்ன பொய் அது. பின்பீரங்கிக்குக் கீழே குண்டும் வெடிமருந்தும் ஏற்றி அனுப்பும் அறை ஒன்று உண்டு. அதற்கு ஒரே வழி மேலே இருக்கும் இரும்புக் கதவு. கரையைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு மருந்து உறை கிழிந்து தீப்பிடித்தது. மற்றவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். கடைசியாக ஏற வேண்டியவன் தம்பி. அந்தப் பீரங்கிக்குப் பொறுப்பானவன் நரசிம்மன். தம்பி ஏணியில் கால் வைக்குமுன் அவன் கதவைச் சாத்தி, கொக்கிகளை இறுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

நான் மேல்தளத்தில் சின்னப் பீரங்கியில் இருந்தேன். ஓடிவந்தபோது உள்ளே தம்பி இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். கையில் கிடைத்த ஸ்பானரால் நரசிம்மனை அடித்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் நகரவில்லை. என்னைப் பிடித்து விலங்கு போட்டார்கள். கீழறைக்குள் கடல்தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் கதவைத் திறந்தபோது தம்பியின் உள்ளங்கைத் தோல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. நரசிம்மனுக்கு மெடல் கொடுத்தார்கள்.

அந்தக் கையால்தான் நீ இனிமேல் சோறு வாங்கித் தின்னப் போகிறாயா? பதில் எழுது.

குணசீலன்


நோபல் பார்க், மெல்போர்ன்
11 அக்டோபர் 1976

அத்தானுக்கு,

ராஜகுமாரி எழுதிக்கொண்டது. கையில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதப் பல் பட்ட காயம் நாய்க்கடியைவிட மோசம். வைத்தியம் பார்க்காமல் இருக்காதீர்கள்.

இராமன் சொன்னது உண்மைதான். நவம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, பதிவாளர் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். நானே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். பயமாக இருந்தது, எழுதவில்லை.

நீங்கள் இவ்வளவு கோபமாக எழுதிய மற்ற விஷயம் எதுவும் எனக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாகத் தெரியும்.

நான் இங்கே வந்ததும் என்னைத் தீக்காய வார்டில் நர்ஸ் வேலைக்குப் போட்டார்கள் என்று எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? முதல் மாதமே ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், பெட்ரோல் டின் வெடித்தவன். பிறகு ஒரு கிழவி. பிறகு ஒரு தாயும் பிள்ளையும். ஒருவர்கூட உடனே சாகவில்லை, அத்தான். தண்ணீர் கேட்டார்கள், திட்டினார்கள், என் கையைப் பிடித்துக் கடித்தார்கள். ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்கு வந்து நேவியின் கடிதத்தை எடுத்துப் படிப்பேன். உடனே இறந்தார், வலி தெரியவில்லை. தெருவில் போகிறவனிடம் சொல்ல வேண்டிய பொய்யை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது. நீங்களும்தான்.

நீங்கள் சொல்லும் நரசிம்மன் வெல்டிங் சூடு பட்ட கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வில்லியம்ஸ்டவுனில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. என் சட்டையில் வேதமணி என்ற பெயரைப் பார்த்தார். கட்டுகூடப் போடாமல் எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்து நான் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்கார சிவனேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணத்து ஆள், கதவைத் திறந்து “உள்ள வந்து கதிரையில இருங்கோ” என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். “சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் சாகும்போது அந்தக் கதவு மேல உட்கார்ந்திருந்தவன் நான்தான். யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருப்பாங்க. நீங்க என்ன கேட்டாலும் நடந்தபடி சொல்றேன்.”

நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியாலேயே அவர் முகத்தில் அடித்தேன். நெற்றி கிழிந்து எலும்பு தெரிந்தது. கன்னம் வெந்துபோனது. இன்னும் அடித்திருப்பேன், அக்கா பிடித்துக்கொண்டாள். “ஐயோ பிள்ளை, கொன்று போடாத!” என்று அவள் கத்தியதைக் கேட்டு அடுத்த வீட்டு வெள்ளைக்காரி ஓடிவந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கடைசியில் நானேதான் தையல் போட்டேன். தைக்கும்போதே கேட்டேன், என் புருஷன் கடைசியாக என்ன சொன்னார் என்று. என் பேரைச் சொன்னார் என்று ஆறுதலுக்குப் பொய் சொல்லியிருந்தால் ஊசியைக் கண்ணில் இறக்கியிருப்பேன். “என்னைத்தான் திட்டினான், சிஸ்டர். எங்கம்மாவைச் சேர்த்துக் கெட்ட கெட்ட வார்த்தையா. அப்புறம் ‘குணா அண்ணே, குணா அண்ணே’ன்னான்” என்றார்.

அத்தான், அதுதான் என் புருஷனின் குரல். மூன்று வருடமாக அவருடைய ஒரு சொல்லும் என்னிடம் இல்லாமல் இருந்தேன். இந்த மனிதர் ஒருவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்யாணத்துக்கு வர வேண்டாம். அத்தைக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

ராஜகுமாரி


சிட்னி
16 அக்டோபர் 1976

ராஜகுமாரி,

நன்றாக இருக்கிறதடி உன் நியாயம்! பொய் சொல்லிக் காப்பாற்றிய நான் அயோக்கியன். கொன்றுவிட்டு வந்து வாசலில் நின்று வாயைத் திறந்தவன் உத்தமன். உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவன் யார்? காகிதத்துக்கெல்லாம் அலைந்தவன் யார்? வேதமணி பெண்டாட்டி நன்றாக இருக்கட்டும் என்று நான் அலைந்தது இவனோடு மணையில் உட்கார வைக்கவா?

நான் செய்யும் வேலை உனக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தொங்கிக்கொண்டு வரும் ஆட்டைப் பிரித்துப் போடுகிறேன். என் இரண்டு பக்கமும் கிரேக்கன் ஒருவன், யூகோஸ்லாவியன் ஒருவன். யாரோடும் பேச்சு கிடையாது. ஒவ்வொரு தொடையைப் பிரிக்கும்போதும் நரசிம்மனை நினைத்துக்கொண்டுதான் பிரிக்கிறேன். என்னை வெட்கப்பட வைக்கலாம் என்று நினைக்காதே. எனக்கு அதில் வெட்கமில்லை.

அவனிடம் ஒன்றே ஒன்று கேள். மருந்து அறைக்குப் பக்கத்தில் தீப்பிடித்தால் கதவைச் சாத்த வேண்டும் என்பது கப்பலின் சட்டம்தான், நானும் படித்தவன்தான். ஆனால் உள்ளே ஆள் இருந்தால் கேப்டன் நிற்கும் பிரிட்ஜிலிருந்து உத்தரவு வர வேண்டும். கேப்டனுடைய வாயிலிருந்து வர வேண்டும். எத்தனையோ தடவை அந்தப் பயிற்சி செய்திருக்கிறோம். அன்றைக்கு உத்தரவு வந்ததா? வந்து சாத்தினானா, வருமுன் சாத்தினானா? தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், குமாரி! நான் கண்ணால் பார்த்தேன். ஏணி என்ன, பனைமர உயரமா? தம்பி ஒரு தாவில் ஏறியிருப்பான். சாயர்புரத்தில் அவன் ஏறாத மரமா!

கேட்டு எழுது. உத்தரவு வந்தது என்று அவன் சொன்னால், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வரவில்லை என்றால் அவனை நான் சும்மா விடமாட்டேன். இதைக் கர்த்தர் மேல் ஆணையாக எழுதுகிறேன்.

குணசீலன்


நோபல் பார்க்
25 அக்டோபர் 1976

அத்தானுக்கு,

கேட்டேன். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“உத்தரவு வரல” என்றார். “வர்றதுக்கு முன்னாடியே மூடிட்டேன். குணா கேட்கிறது சரிதான். கப்பலைக் காப்பாத்தணும்னு மூடினேன்னு மெடல் கொடுத்தாங்க. அப்ப எனக்குக் கப்பல் ஞாபகமே இல்லை, குமாரி. கீழே வெள்ளையா நெருப்பு தெரிஞ்சுது. பயந்துட்டேன். பயந்துதான் மூடினேன். மூடின பிறகு, திறந்தா எல்லாரும் சாவோம்னு தெரிஞ்சுது, அதான் உட்கார்ந்தேன். இதை இப்படியே எழுது.”

எழுதிவிட்டேன். வேறு மாதிரி எழுத எனக்கும் தெரியும். உத்தரவு வந்தது என்று ஒரு வரி போட்டிருந்தால் நீங்கள் அடங்கியிருப்பீர்கள். அந்த ஒரு வரியைப் போடச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். அவர் ஒப்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தள்ளிவைத்த தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நல்லவேளை, அக்கா கடைக்குப் போயிருந்தாள்.

நான் ஏன் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று உங்களுக்குப் புரியப்போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் பக்கத்தில் யாராவது தூங்கினால் அந்த இருட்டறையை அறிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்களிடம் நான் நடிக்க வேண்டியிருக்கும். இவரிடம் வேண்டாம். அவ்வளவுதான். காதல் கத்தரிக்காய் என்று ஒன்றும் இல்லை, அல்லது இதற்குப் பேர்தான் அதுவோ, எனக்குத் தெரியாது.

இன்னொன்று. நீங்கள் லீவில் வந்தபோது ஒருநாள் குடித்துவிட்டு எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். வானத்தில் விமானம் இல்லை, அதனால் ஆற்று முகத்தில் போன படகுகளைச் சுட்டோம் என்று. தண்ணீரில் தலைகள் தெரிந்தன, தலைகளையும் சுட்டோம் என்று. உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அந்தத் தலைகளுக்கெல்லாம் அண்ணன்மார் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் சிட்னிக்குக் கத்தியோடு வரவில்லை.

போன வாரம் யாரோ அவர் வீட்டு ஜன்னலை உடைத்து, செத்த ஆட்டுத்தலை ஒன்றை உள்ளே எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலையின் காதில் இறைச்சிக்கூடத்து முத்திரை இருந்தது. நீங்கள்தான் என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உங்கள் மெல்போர்ன் சிநேகிதர்களிடம் சொல்லி வையுங்கள். இனி ஒரு கல் விழுந்தாலும் போலீசுக்குப் போவேன்.

ராஜகுமாரி


சிட்னி
9 நவம்பர் 1976

கர்த்தருக்குள் பிரியமான ராஜகுமாரிக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்தேன். அம்மாவிடமிருந்தும் கடிதம் வந்தது. ‘அவள் சின்னப்பிள்ளை, எத்தனை நாள் தனியாகக் கிடப்பாள், நீ குறுக்கே நிற்காதே’ என்று ஆள் வைத்து எழுதியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நடந்தது நடந்துவிட்டது. நம் பக்கத்திலிருந்து ஒருவரும் இல்லாமல் நீ கையெழுத்துப் போடுவது நன்றாக இருக்காது. நான் வருகிறேன். பத்தொன்பதாம் தேதி காலை ரயிலில் இறங்கி நேரே அங்கே வந்துவிடுகிறேன். உனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன், மாம்பழ நிறம்.

நரசிம்மனிடம் சொல், குணா கோபமெல்லாம் விட்டுவிட்டான் என்று. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

உன் அத்தான்
குணசீலன்


மெல்போர்ன்
22 நவம்பர் 1976

குணசீலனுக்கு,

அத்தான் என்று எழுத மாட்டேன்.

மாம்பழ நிறச் சேலையைக் கொண்டுவந்தீர்கள். அதற்குள் கத்தியைச் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? இரண்டு தடவை படிக்கச் சொன்னார். “குணா வர்றானா, நிஜமாவா?” என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். உங்களுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு தேடி மூன்று கடை ஏறி இறங்கினார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும், படிக்கட்டின் கீழே உங்களைப் பார்த்தார். என்னை விட்டுவிட்டு ஓடினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். விரித்த கைக்குள் வந்துதான் குத்தினீர்கள். ஒரு தடவை குத்தி, உள்ளேயே திருப்பி, மேலே இழுத்தீர்கள். ஆட்டைப் பிரிக்கிற இழுப்பு.

சிவனேஸ்வரி அக்கா குடையால் உங்கள் தலையில் அடித்தாளே, அந்தக் குடைக்கம்பி வளைந்துபோயிருக்கிறது. “பிடியுங்கோ! உவனைப் பிடியுங்கோ!” என்று தெருவெல்லாம் கத்தினாள். ஒருவருக்கும் தமிழ் தெரியவில்லை. நீங்கள் ஓடிப்போனீர்கள்.

அவர் குடல் என் மடியில் கிடந்தது. நான் நர்ஸ், அதனால் அலறவில்லை. நீங்கள் கொண்டுவந்த சேலையாலேயே அதை மூடி, கையை உள்ளே விட்டு இரத்தக்குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்சில் போகும் வழியெல்லாம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அங்கேயே போயிருப்பார். அப்புறம் என் விரல்களை மற்றவர்கள்தான் நிமிர்த்திவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று நாளாகிறது. உயிர் இருக்கிறது. போலீஸ்காரர்கள் வந்தார்கள். குத்தியவன் யாரென்று தெரியாது, பார்த்ததே இல்லை என்றார் அவர். அவர்கள் போனதும் என்னிடம், “நீயும் சொல்லாதே. அந்த அம்மாவுக்கு இருக்கிறது இனி இவன் ஒருத்தன்தான். ரெண்டாவது பையனையும் என்னால இழக்க வேண்டாம்” என்றார். அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள், “ஓம் தம்பி, சொல்லமாட்டன்” என்று அழுதுகொண்டே தலையாட்டினாள். நானும் சரி என்றேன். அவர் கண் திறந்திருக்கும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றுவேன். இது உங்களுக்காக இல்லை.

அவர் பிழைப்பதற்கு ஜெபியுங்கள். உங்களுக்குத்தான் அது அவசியம்.

ராஜகுமாரி


சிட்னி
26 நவம்பர் 1976

குமாரி,

கடிதம் கிடைத்தது. போலீஸ் வரும் என்று ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். கடிதம்தான் வந்தது.

செய்தது தப்பு என்று நான் எழுதப்போவதில்லை. தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். உத்தரவு வரவில்லை என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் ஆணையிட்டிருந்தேன், நீயும் படித்தாய். ஆனாலும் அவன் ஏன் அப்படி ஓடிவர வேண்டும்? பயந்து ஓடுவான், அல்லது அடிக்க வருவான் என்று நினைத்துத்தான் கத்தியை எடுத்து வந்தேன். அந்த மடையன் சிரித்துக்கொண்டு வந்தான். “வாடா குணா, சாப்டியா?” என்றான். கத்தி உள்ளே போன பிறகும் அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை, குமாரி. அவன் மூஞ்சிக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். கையில் கத்தியைக் கொடுத்தார்கள். ஆடு வந்தது. வெட்டினேன். அடுத்தது வந்தது. அதை வெட்ட வரவில்லை. கிரேக்கன் தள்ளிவிட்டு என் பங்கையும் சேர்த்து வெட்டினான். இன்று வரை அறைக்குள்தான் கிடக்கிறேன். சோறு இறங்கவில்லை. தம்பி கனவில் வந்து நல்லது செய்தாய் அண்ணே என்று சொல்வான் என்று நினைத்தேன். சனியன், ஒருவரும் வரவில்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை, கனவு எங்கே வரும்?

அவன் பிழைத்துக்கொள்வானா? மறைக்காமல் எழுது. பிழைத்தால் நான் இந்த ஊரை விட்டே போய்விடுகிறேன், ஏதாவது சரக்குக் கப்பலில் ஏறிவிடுகிறேன். உங்கள் இருவர் கண்ணிலும் பட மாட்டேன்.

போலீசில் மட்டும் சொல்லிவிடாதே. எனக்காகக் கேட்கவில்லை. அம்மா தாங்க மாட்டாள். ஒரு பிள்ளை செத்து, ஒரு பிள்ளை ஜெயிலில் என்றால் அவள் கிணற்றில் விழுந்துவிடுவாள். நீயும் அவள் கையால் சாப்பிட்டவள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

குணசீலன்


மெல்போர்ன்
2 டிசம்பர் 1976

குணசீலனுக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

குடலில் தையல் பிரிந்து வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. சனிக்கிழமை மறுபடி திறந்தார்கள். அதன் பிறகு தைத்து மூட முடியவில்லை, துணி வைத்துத் திறந்தபடியே விட்டார்கள். நாற்றத்தில் பக்கத்துக் கட்டில்காரரை வேறு அறைக்கு மாற்றினார்கள். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டே இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டிலை விட்டு இறங்க வேண்டும், ஏணி எங்கே என்று கேட்டார். அவரைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டியிருந்தது. மணிக்கட்டில் துணியைக் கட்டியது நான்தான். மற்ற நர்சுகள் வேண்டாம் என்றார்கள், நானே செய்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டார். கத்திக்கொண்டேதான் போனார்.

நேற்று இறுதிச் சடங்கு. அவர் ஆட்கள் முறைப்படி எரிக்க வேண்டும். இங்கே மின்சாரத்தில் எரிக்கிறார்களாம், வாயுவிலும் எரிக்கிறார்களாம், எது வேண்டும் என்று கேட்டார்கள். நெருப்பு என்றதும் நான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். அக்காதான் பேசி முடித்தாள். நான் வெளியே நின்றேன்.

அங்கிருந்து நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் கண் மூடியாயிற்று, நான் கொடுத்த சொல்லும் முடிந்தது. அத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அத்தைக்கு நானே எழுதியிருக்கிறேன், நடந்ததை நடந்தபடி. கிணற்றில் விழுவாளா மாட்டாளா என்று தெரியாது. என்னைச் சபிப்பாள். சபிக்கட்டும். அவளைக் காட்டி நீங்கள் தப்பிக்க வேண்டாம். உங்களைச் சும்மா விட்டுவிட்டால், அடுத்த ஆட்டுத்தலை என் ஜன்னலில் விழும்.

உங்கள் பெயர், விலாசம், வேலை பார்க்கும் இடம், உயரம், விரல் முட்டியில் இருக்கும் தழும்பு, எல்லாம் சொன்னேன். இந்தக் கடிதம் வருமுன் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இதை முதலில் அவர்கள்தான் பிரிப்பார்கள். தமிழ் தெரிந்த ஆளைத் தேடட்டும்.

எழுதிக்கொண்ட அதிகாரி நல்ல மனிதர். வயதானவர். எனக்குத் தேநீர் கொடுத்தார். குத்தியவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். என் கணவரின் அண்ணன் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, இறந்தவர் தன் சொந்த அண்ணனாலா குத்தப்பட்டார் என்று கேட்டார். இல்லை, இவர் இல்லை, என் கணவர் வேறு, அவர் இறந்துவிட்டார் என்றேன்.

“இரண்டு பேருமே இறந்துவிட்டார்களே, அம்மா. நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?” என்றார்.

அவர் காத்திருந்தார். அப்புறம் படிவத்தில் உறவு என்று இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ராஜகுமாரி